திருவேற்காடு: வந்து செல்வோரும் வாழ்ந்திருப்போரும்

சுற்றுலாத் தலங்கள் என்று நாம் நினைவில் வைத்திருக்கும் ஊர்களில் திருவேற்காடு இல்லை. உதகை உண்டு, கொடைக்கானல் உண்டு, மாமல்லபுரமும் ஒகேனக்கல்லும் உண்டு. சென்னைக்கு மேற்கே பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய மூன்றுக்கும் நடுவில், கூவம் ஆற்றங்கரையில் அமைந்திருக்கும் இந்தச் சிறு நகரத்துக்கு வருவோரை நாம் பக்தர்கள் என்கிறோம். சுற்றுலாப் பயணிகள் என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் பொருளாதாரம் இந்த வேறுபாட்டைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஒருவர் தம் ஊரிலிருந்து புறப்பட்டு வந்து, சில மணி நேரம் இருந்து, சாப்பிட்டு, பொருள் வாங்கி, தண்ணீரைப் பயன்படுத்தி, குப்பையை விட்டுவிட்டுத் திரும்பினால், வரவேற்கும் ஊரின் கணக்கில் அவர் சுற்றுலாப் பயணிதான். 2023-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பதிவான உள்நாட்டுப் பயணங்கள் 28 கோடிக்கும் அதிகம் என்று சுற்றுலாத் துறையின் புள்ளிவிவரம் கூறுகிறது. அவற்றில் கணிசமான பகுதி கோயில்களை நோக்கியவை என்பதை விளக்கத் தேவையில்லை.

தேவி கருமாரி அம்மன் கோயிலுக்கு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் ஒருமுறை வந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையிலிருந்து திரும்பும் இடத்திலேயே நெரிசல் தொடங்கிவிடுகிறது. பேருந்துகள், ஷேர் ஆட்டோக்கள், வெளி மாவட்டப் பதிவெண் கொண்ட வேன்கள், வேப்பிலை கட்டிய இருசக்கர வாகனங்கள் எல்லாம் ஒரே சாலையில் நகர்கின்றன. பலர் மாங்காடு, குன்றத்தூர், திருவேற்காடு ஆகிய மூன்றையும் ஒரே நாளில் தரிசித்துவிட்டு மாலையில் வீடு திரும்புபவர்கள். இரவு தங்குபவர்கள் மிகக் குறைவு. இந்த ஊரின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்வதற்கு இது மிகவும் முக்கியமான செய்தி. பின்னர் இதற்குத் திரும்ப வருகிறேன்.

இப்போது இதைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த மேற்குப் புறநகரின் முகம் சில ஆண்டுகளுக்குள் வெகுவாக மாறப்போகிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரை 26 கி.மீ. நீளமுள்ள மெட்ரோ வழித்தடம் முழுமையாக இயங்கத் தொடங்கும்போது, மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ இருக்கும் ஒரு குடும்பம் கரையான்சாவடியில் இறங்கிச் சில கிலோமீட்டரில் கோயிலை அடைந்துவிடலாம். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை செல்லும் வெளிவட்டச் சாலை ஏற்கெனவே இந்தப் பகுதியை ஒட்டிப் போகிறது. மேற்கு மாவட்டப் பேருந்துகளுக்காகக் குத்தம்பாக்கத்தில் முனையம் அமைகிறது. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு, 2019-இல் நடைபாதையும் படகுச் சவாரியும் கொண்ட பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இவை அனைத்தையும் சேர்த்துப் பார்க்கும் உள்ளூர் மக்கள், 'அடுத்தது நம் ஆறுதான்' என்று பேசிக்கொள்கிறார்கள். கரையில் நடைபாதை, பூங்கா, விளக்குகள், ஒருவேளை படகுகளும் வரலாம் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. அதிகாரபூர்வமான திட்ட அறிக்கை எதையும் வைத்து அவர்கள் இப்படிப் பேசவில்லை. பக்கத்து ஊரில் நடந்ததைப் பார்த்தே பேசுகிறார்கள். பெரும்பாலான ஊர்களில் நம்பிக்கையும் அச்சமும் இப்படித்தான் பிறக்கின்றன.

ஓய்வுபெற்ற பிறகு காலை நடைக்காக ஆற்றங்கரைப் பக்கம் போகும் பழக்கம் எனக்கு உண்டு. போகிற வழியில் பேச்சுக் கொடுப்பதும் உண்டு. பல்லாண்டுகள் வகுப்பறையில் பேசிப் பழகியவனுக்கு இது ஒரு நோய் என்றுகூடச் சொல்லலாம். சன்னதித் தெருவில் பூக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி சொன்னார்: "செவ்வாய், வெள்ளி, ஞாயிறு மூணு நாள்தான் சார் வியாபாரம். மத்த நாள் பூ வாடிப்போயிடும். மெட்ரோ வந்தா தினமும் நாலு பேர் வருவாங்க இல்ல?" அவருடைய கணக்கு முற்றிலும் சரியானது. வாரத்தின் ஏழு நாட்களில் நான்கு நாட்கள் முடங்கிக் கிடக்கும் முதலீடு எந்தத் தொழிலுக்கும் நட்டம். வருவோர் எண்ணிக்கை எல்லா நாட்களுக்கும் பரவினால், அதே கடை, அதே உழைப்பு, கூடுதல் வருமானம். ஆட்டோ ஓட்டுநர்களும், எலுமிச்சை மாலை கட்டுவோரும், சிற்றுண்டிக் கடைக்காரர்களும் இதையே வேறு வேறு சொற்களில் சொல்கிறார்கள்.

அதே தெருவிலிருந்து இரண்டு திருப்பம் தள்ளிக் குடியிருக்கும் ஓர் ஓய்வுபெற்ற அரசு ஊழியரின் கணக்கு வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு வாசலில் யாரோ காரை நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். அவசரத்துக்கு மருத்துவமனை செல்லக்கூட வண்டியை வெளியே எடுக்க முடிவதில்லை. தெருவோரம் இலை, தட்டு, தண்ணீர்ப் பொட்டலம், தேங்காய் ஓடு. கோடையில் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் அவர் லாரித் தண்ணீர் வாங்குகிறார். "வர்றவங்களுக்கு அம்மன் அருள் கிடைக்குது. எங்களுக்குக் குப்பைதான் கிடைக்குது" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும், அந்தச் சிரிப்பில் கசப்பு இருந்தது.

இவ்விருவரில் யார் பக்கம் நியாயம் என்று கேட்பது பயனற்றது. இருவர் சொல்வதும் உண்மை. வந்து செல்வோரால் வருகிற வரவு ஒரு கையிலும், செலவு மற்றொரு கையிலும் போய்ச் சேர்கிறது. இடையில் இரண்டையும் சமன்செய்யும் ஏற்பாடு எதுவும் இல்லை. இந்த ஊரின் சிக்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

சற்றுக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது விளக்கத்துக்காக நான் வைத்துக்கொள்ளும் எண்ணே தவிர, யாரும் எண்ணிப் பார்த்த எண் அன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை 10 ஆயிரம் பேர் வருவதாகவும், ஒவ்வொருவரும் 200 கிராம் குப்பையை விட்டுச் செல்வதாகவும் கொள்வோம். அன்று மட்டும் 2 டன் குப்பை கூடுதலாகச் சேர்கிறது. அதை அள்ளுவதற்குத் தொழிலாளர், வண்டி, டீசல், கொட்டுமிடம் எல்லாம் வேண்டும். நகராட்சிதான் அதைச் செய்தாக வேண்டும். நகராட்சிக்கு இதற்கான பணம் எங்கிருந்து வருகிறது? வந்தவர்கள் வாங்கிய பொருள்களின் மீதான ஜி.எஸ்.டி. மத்திய, மாநில அரசுகளுக்குச் செல்கிறது. உண்டியல் காணிக்கை கோயிலுக்கு. அது 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின்கீழ் நிர்வகிக்கப்படுகிறது, கோயில் சார்ந்த நோக்கங்களுக்கே அது செலவாக வேண்டும். வழிபாட்டிடம் என்பதால் கோயிலுக்குச் சொத்துவரி விலக்கும் உண்டு. ஆக, நகராட்சியின் கையில் மிஞ்சுவது உள்ளூர்க்காரர் கட்டும் சொத்துவரியும், குடிநீர்க் கட்டணமும், தொழில்வரியும், மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி வரும் பங்கும்தான்.

அந்தப் பங்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உள்ளாட்சிகளுக்கான நிதிப் பகிர்வில் மக்கள்தொகைக்கு முதன்மையான இடம் உண்டு. மக்கள்தொகை என்றால் அங்கே குடியிருப்போர். 2011 கணக்கெடுப்பில் திருவேற்காட்டின் மக்கள்தொகை 60 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அதற்குப் பின் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் மனைப்பிரிவுகளையும் பார்ப்பவர்கள் அந்த எண் எவ்வளவு பழையது என்பதை அறிவார்கள். 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. புதிதாகக் குடியேறியவர்களே இன்னும் எண்ணப்படாத நிலையில், ஒரு நாள் வந்து போகிறவர்களை யார் எண்ணப்போகிறார்கள்?

இந்த ஊரின் பழங்கதை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவரான மூர்க்க நாயனார் திருவேற்காட்டில் பிறந்தவர். வந்த அடியார்களுக்கெல்லாம் அமுதளிப்பதை நியமமாகக் கொண்டிருந்தார். வருவோர் தொகை பெருகப் பெருக, அவருடைய செல்வம் முழுவதும் கரைந்தது, நிலத்தையும் விற்றார். பின்னர் சூதாடிக் கிடைத்த பொருளைக் கொண்டு அமுதளித்தார். ஊரில் அவரோடு சூதாட எவரும் முன்வராத நிலை வந்தபோது, ஊரைவிட்டே புறப்பட்டுக் குடந்தைக்குச் சென்றார். சேக்கிழார் இதைப் பக்தியின் உறுதிக்குச் சான்றாகப் பாடினார், அதில் ஐயமில்லை. ஆனால் விருந்தோம்பலுக்கு நிலையான வருவாய் ஏற்பாடு இல்லாத ஊர் எந்த நிலைக்கு வரும் என்பதையும் அந்தக் கதையில் பொருளாதாரம் படித்தவன் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பழைய நிர்வாகத்தினர் இந்தச் சிக்கலை அறியாதவர்கள் அல்லர். யாத்திரைத் தலங்களுக்கு வருவோரிடமிருந்து ஒரு சிறு வரியைத் திரட்டி, அந்த ஊர்களின் சுகாதாரத்துக்கும் குடிநீருக்கும் செலவிடும் வழக்கம் ஆங்கிலேயர் காலத்திலேயே இருந்தது. விடுதலைக்குப் பிறகு 1956-இல் நாடாளுமன்றம் இரயில் பயணிகள் மீதான முனைய வரிச் சட்டத்தை இயற்றியது; யாத்திரைத் தலங்களுக்கும் திருவிழாக்கள் நடக்கும் இடங்களுக்கும் இரயிலில் வருவோர் மீது பயணச்சீட்டோடு சேர்த்து ஒரு சிறு தொகையை விதிக்க அது இடம் கொடுத்தது. மக்கள் இரயிலில் வந்த காலம் அது. இன்று கார்களிலும் வேன்களிலும் வருகிறார்கள். வருவாய் திரட்டும் வழியைக் காலத்துக்கேற்ப மாற்றாமல், வழக்கத்தையே நாம் மறந்துவிட்டோம். கேரளத்தில் இதை இன்னொரு விதமாகக் கையாளுகிறார்கள்: சபரிமலைப் பருவத்தில் எருமேலி, பந்தளம் போன்ற வழித்தட உள்ளாட்சிகளுக்கு மாநில அரசு சிறப்பு மானியம் அளிக்கிறது. ஊருக்குச் செலவு வருகிறது என்பதை அரசு ஏற்றுக்கொள்கிறது என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது.

வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகுந்த 29 நாட்களில், இரவு தங்காமல் ஒரு நாள் மட்டும் வந்து போவோரிடம் 5 யூரோ வசூலித்தது. அடுத்த ஆண்டு நாட்களின் எண்ணிக்கையை 54 ஆக்கியது. கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை. வருவாய் மட்டும் கிடைத்தது. தங்கிச் செல்பவருக்கு விலக்கு, வந்து போகிறவருக்குக் கட்டணம் என்ற அந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நான் முன்னர் சொன்ன செய்தி இதுதான். இரவு தங்குபவர் விடுதி வாடகை, இரவு உணவு, காலைக் காப்பி, சலவை, உள்ளூர்ப் பயணம் என்று பல கைகளுக்குப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கிறார். அந்தக் கைகளிலிருந்து அது மீண்டும் உள்ளூரிலேயே செலவாகி, இரண்டாம் சுற்று வருமானத்தை உண்டாக்குகிறது. காலையில் வந்து மாலையில் போகிறவர் வீட்டிலிருந்தே புளியோதரையும் தண்ணீரும் கொண்டுவந்து, ஓர் அர்ச்சனைத் தட்டோடு தம் செலவை முடித்துக்கொள்கிறார். அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அவரால் ஊருக்கு ஏற்படும் செலவு, தங்குபவரால் ஏற்படும் செலவைவிடப் பெரிதும் குறைந்ததன்று.

அதற்காகக் கோயிலுக்கு வருவோரிடம் நுழைவுக் கட்டணம் வாங்கலாம் என்று நான் சொல்லவில்லை. கூழ் ஊற்ற வரும் கூலித் தொழிலாளியின் குடும்பத்திடம் பத்து ரூபாய் கேட்பதும், குளிர்பதனம் கொண்ட காரில் வருவோரிடம் பத்து ரூபாய் கேட்பதும் ஒன்றல்ல. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற ஆணைப்படி இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. அங்கு எண்ணப்படுவது வாகனங்கள். மலைப்பாதைக்குப் பொருந்திய அந்தச் சிந்தனை சமவெளிக்கும் ஓரளவு பொருந்தும். வாகன நிறுத்தக் கட்டணத்தை முறைப்படுத்தி, அதன் நிகர வருவாயைச் சுகாதாரம், கழிப்பறை, குப்பை அகற்றல் ஆகியவற்றுக்கென்று தனிக் கணக்கில் வைத்தால், பேருந்தில் வருவோர் மீது ஒரு ரூபாய்ச் சுமையும் ஏறாது. இப்போது புறநகர்க் கோயில் ஊர்கள் பலவற்றில் வாகன நிறுத்தம் குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகைதாரர் எவ்வளவு வசூலித்தார், ஏலத்தொகை எவ்வளவு, அது எதற்குச் செலவானது என்பது ஊர் மக்களுக்குத் தெரிவதில்லை.

இனி ஆற்றுக்கு வருவோம். எதிர்பார்ப்புகள் மிகுதியாகக் குவிந்திருக்கும் இடமும், ஏமாற்றத்துக்கு மிகுந்த வாய்ப்புள்ள இடமும் அதுதான்.

கூவம் என்றாலே சென்னைவாசிகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால் திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்னும் கிராமத்து ஏரியின் உபரிநீராகப் புறப்படும் இந்த ஆறு, புறநகரை எட்டும்வரை சாக்கடை அன்று. மூர்க்க நாயனாரின் ஊரைப் பாலி நதியின் வடபால் இருப்பதாகச் சேக்கிழார் குறிக்கிறார். பாலாற்றின் பழைய போக்கு இப்பகுதியில் இருந்தது என்னும் ஆய்வாளர் கருத்தோடு இது இயைந்து போகிறது. திருஞானசம்பந்தர் பாடிய வேதபுரீசுவரர் கோயில் இந்த ஊரில்தான் உள்ளது. ஆற்றை நம்பியே இவ்வூர் உருவானது.

அந்த ஆற்றுக்கு இன்று தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், ஒரு வேடிக்கையான உண்மை புலப்படும். மழைக்காலத்தில் கேசவரம் அணைக்கட்டிலிருந்து கொசஸ்தலையாற்று நீரும் கூவத்துக்கு வருகிறது. வழியில் ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் அதைத் திருப்பி, புதிய பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்கு அனுப்புகிறார்கள். சென்னையின் குடிநீருக்கு அது இன்றியமையாதது. அதை நிறுத்தச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் விளைவைக் கவனியுங்கள். அணைக்கட்டுக்குக் கீழே உள்ள எங்கள் பகுதிக்கு நல்ல நீர் வருவது வெள்ளம் மிகும் சில வாரங்களில்தான். மற்ற மாதங்களில் ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் மேலேயுள்ள குடியிருப்புகள் விடும் கழிவுநீர். நல்ல நீர் செம்பரம்பாக்கத்துக்கு, கழிவு திருவேற்காட்டுக்கு என்று ஆகிவிட்ட ஆற்றில் படகு விடுவது பற்றிப் பேசுகிறோம்.

கூவத்தில் படகு விட்டுப் பார்க்காதவர்கள் அல்லர் நாம். 1967-இல் தொடங்கப்பட்ட கூவம் மேம்பாட்டுத் திட்டத்தின் தொடர்ச்சியாக, 1970-களின் தொடக்கத்தில் நகருக்குள் படகுச் சவாரி தொடங்கப்பட்டது. கரையோரம் படகுத்துறைகள் கட்டப்பட்டன. சில காலத்திலேயே படகுகள் நின்றுபோயின. துறைகளின் எச்சங்கள் மட்டும் வெகுகாலம் நின்றிருந்தன. படகு விடப்பட்டபோது, ஆற்றில் விழும் கழிவுநீர்க் குழாய்கள் அப்படியே இருந்தன. செலவின் வரிசை தலைகீழாக இருந்தது என்பதுதான் அத்திட்டத்தின் தோல்விக்கு நான் காணும் காரணம்.

பின்னர் வந்த ஒருங்கிணைந்த கூவம் ஆற்றுச் சூழல் சீரமைப்புத் திட்டம் அளவில் பெரியது. சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை ஒருங்கிணைத்த இத்திட்டத்துக்கு சுமார் 605 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பருத்திப்பட்டு அணைக்கட்டிலிருந்து கடல் முகத்துவாரம் வரை 32 கி.மீ. நீளம் அதன் எல்லை. அதாவது, திட்டம் தொடங்குவதே எங்கள் வாசலில். கழிவுநீரை இடைமறித்தல், திடக்கழிவை அகற்றுதல், கரைகளைச் செப்பனிடுதல், மரம் நடுதல், நடைபாதை, பூங்கா என்று பல கூறுகள் அதில் இருந்தன. கரையில் வேலியும் மரங்களும் சில இடங்களில் கண்ணுக்குத் தெரிகின்றன. நீர் மட்டும் பெரிதாக மாறியதாகத் தெரியவில்லை. கழிவுநீர் லாரிகள் இரவில் ஆற்றோரம் வந்து கொட்டிவிட்டுப் போவதாகப் புறநகர் முழுவதும் எழும் புகார் இன்னும் ஓயவில்லை. பாதாளச் சாக்கடை இணைப்பு எட்டாத வீடுகள் உள்ளவரை அந்த லாரிகளுக்கும் வேலை இருக்கும்; லாரி ஓட்டுநரை மட்டும் பிடித்துத் தண்டித்துப் பயனில்லை.

குடியிருப்போரின் அச்சங்களில் மிக ஆழமானது ஆற்றங்கரையில் வீடு உள்ளவர்களுடையது. நகருக்குள் கூவம் கரையில் இருந்த ஏறத்தாழ 14 ஆயிரம் குடும்பங்களை அகற்றுவது மேற்சொன்ன திட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. அவர்களில் பலர் பெரும்பாக்கத்துக்கும், பூந்தமல்லிக்கு அப்பால் உள்ள கூடப்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டனர். சிந்தாதிரிப்பேட்டையில் வீட்டு வேலையும் மீன் வியாபாரமும் செய்துகொண்டிருந்த பெண்கள், இருபது முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் வேலை தேட வேண்டியிருந்தது. அப்படி வந்தவர்களை இந்தப் பகுதி மக்கள் கண்ணால் கண்டவர்கள். 2024-இன் இறுதியில் திருவேற்காட்டின் கோலடி ஏரிப் பகுதியில் வீடுகளை அகற்றும் நடவடிக்கையும், அதற்கு எழுந்த எதிர்ப்பும் அவர்களுக்கு இன்னும் அண்மை நினைவு. ஆகவே 'ஆற்றங்கரை அழகாகப்போகிறது' என்று ஒருவர் சொன்னால், கரையோரக் குடும்பத் தலைவி முதலில் தேடுவது வீட்டு வரி ரசீதையும் மின் கட்டண ரசீதையும்தான்.

இதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. நீர்நிலைகளும் ஆற்றுப் படுகையும் ஆக்கிரமிக்கப்பட்டதால் ஏற்பட்ட துயரத்தை 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பகுதி அனுபவித்தது. தரைப்பாலங்கள் மூழ்கின, தாழ்வான நகர்களில் நாட்கணக்கில் நீர் வடியவில்லை. ஆற்றுக்கு அதன் அகலத்தைத் திரும்பத் தர வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் வெள்ளத்துக்காக வீட்டை இழப்பதும், நடைபாதைக்காக வீட்டை இழப்பதும் ஒன்றல்ல. முதலாவதற்கு நீரியல் அளவீடு இருக்கிறது. இத்தனை கன அடி செல்ல இத்தனை அகலம் வேண்டும் என்று காட்டலாம். இரண்டாவதற்கு அப்படி எதுவும் இல்லை. முதலாவதைச் சொல்லித் தொடங்கி இரண்டாவதில் முடிப்பது நகர மேம்பாட்டில் நாம் பலமுறை கண்ட வழி. எனவே எந்த அழகுபடுத்தும் வேலைக்கும் முன்பாக வெள்ள அகலத்தை அளந்து, கல் நட்டு, வரைபடத்தை நகராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். கல்லுக்கு வெளியே உள்ளவர்கள் நிம்மதியாக உறங்கட்டும். உள்ளே உள்ளவர்களுக்கு, பிள்ளைகளின் பள்ளியும் பெண்களின் வேலையும் அறுந்துபோகாத தூரத்தில், திருவேற்காடு பூந்தமல்லி ஆவடி வட்டாரத்துக்குள்ளேயே மாற்று வீடு கொடுக்கட்டும்.

பருத்திப்பட்டு ஏரியைப் பற்றியும் ஒரு சொல். அது ஒரு வெற்றிதான். குறைத்துச் சொல்ல மாட்டேன். சுமார் 28 கோடி ரூபாய்ச் செலவில், 87 ஏக்கர் பரப்புள்ள ஏரியைச் சுற்றி மக்கள் காலையும் மாலையும் நடக்கிறார்கள். ஆவடியைப் போன்ற தொழில் நகரத்தில் நடுத்தரக் குடும்பங்கள் காசு செலவழிக்காமல் காற்று வாங்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே முதலில் ஏரிக்குள் வந்துகொண்டிருந்த கழிவுநீரைச் சுத்திகரிப்பதற்கான ஏற்பாட்டையும் திட்டத்தில் சேர்த்தார்கள். கரை கட்டிய, எல்லை தெரிந்த, ஒரே துறையின் கையில் உள்ள ஏரிக்கு அது இயன்றது. ஆறு அப்படிப்பட்டதன்று. மேலே உள்ள பத்து ஊராட்சிகள் செய்வதைக் கீழே உள்ள ஒரு நகராட்சி அனுபவிக்கிறது. ஆகவே 'பருத்திப்பட்டில் முடிந்தது, இங்கே ஏன் முடியாது' என்ற கேள்விக்கு விடை, மேற்குப் பக்கத்தில் திருமழிசை, திருநின்றவூர் முதலிய ஊர்களின் சாக்கடையில் இருக்கிறது. திருவேற்காட்டையும் பூந்தமல்லியையும் ஆவடி மாநகராட்சியுடன் இணைக்கும் யோசனை பேசப்பட்டுவருகிறது. சொத்துவரி உயரும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆயினும் ஆற்றின் நீண்ட பகுதி ஒரே நிர்வாகத்தின்கீழ் வருவதற்கு இதில் வாய்ப்பு உண்டு என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

தெருவோர வியாபாரிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கூட்டம் பெருகும் ஊரில் முதலில் ஆதாயம் பெற வேண்டியவர்கள் அவர்கள். முதலில் துரத்தப்படுவதும் அவர்களே. 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகரின் மக்கள்தொகையில் இரண்டரை விழுக்காடு வரை வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்க வழி செய்கிறது. 60 ஆயிரம் பேர் கொண்ட ஊருக்கு அது 1,500 பேர். விற்பனைக் குழு கூடி, இடங்களை வரையறுத்து, அடையாள அட்டை கொடுத்துவிட்டால், அழகுபடுத்தும் திட்டம் வரும் நாளில் அந்தப் பூக்காரப் பெண்மணி ஆக்கிரமிப்பாளர் ஆகிவிட மாட்டார். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர்களும் மீன் வறுத்துக் கொடுப்பவர்களும் உள்ளூர்க்காரர்கள் என்பதால்தான், அங்கு வருவோரின் பணத்தில் ஒரு பகுதியாவது அந்த ஊரிலேயே தங்குகிறது. ஆற்றங்கரையில் நாளை உணவகம் வந்தால் அதன் குத்தகை ஒரே பெரிய நிறுவனத்துக்குப் போகுமா, உள்ளூர் மகளிர் குழுக்களுக்கும் ஒரு பகுதி கிடைக்குமா என்பது இப்போதே பேச வேண்டிய செய்தி. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு பேசுவதில் பொருளில்லை.

என் மாணவர்கள் சிலர் இப்போது இந்த வட்டாரக் கல்லூரிகளில் பேராசிரியர்களாக இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். ஆடி மாதத்தின் ஞாயிற்றுக்கிழமைகளில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை ஊரின் நுழைவுச் சாலைகளில் நிறுத்தி, காலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை வருவோரையும் வாகனங்களையும் எண்ண வேண்டும். நூற்றில் ஒருவரை நிறுத்தி மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: எங்கிருந்து வருகிறீர்கள், இன்று இங்கே எவ்வளவு செலவழித்தீர்கள், இரவு தங்குகிறீர்களா? அன்று அள்ளப்பட்ட குப்பையின் எடையையும், ஓடிய தண்ணீர் லாரிகளின் எண்ணிக்கையையும் நகராட்சி கொடுத்தால் போதும். நான்கைந்து ஞாயிறுகளின் எண்களைக் கொண்டு ஊருக்கு ஒரு வரவு செலவுக் கணக்கு எழுதிவிடலாம். மானியம் கேட்டு அரசிடம் போவதற்கும், வாகன நிறுத்தக் கட்டணத்தை முடிவு செய்வதற்கும், ஆற்றங்கரைத் திட்டம் வரும்போது எதிரே உட்கார்ந்து பேசுவதற்கும் அந்தக் கணக்குத் தேவைப்படும். பேராசிரியர்கள் இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நுழைவுச் சாலைகளின் வரைபடத்தை வரையும் வேலையை நான் ஏற்றிருக்கிறேன்.